கணினித் திரையும் வேலியடைப்பும்

விழா மலருக்குக் கட்டுரை எழுதும் தமிழாசிரியரிடம் வாசகர் எதிர்பார்ப்பது யாதென நாம் அறிவோம். சங்கச் செய்யுளொன்றின் நயம், நாவலர் பெருமானின் உரைநடைத் திறம், தீவகத்துப் புலவர் ஒருவரின் வரலாறு என இவற்றுள் ஒன்றை எழுதுதலே மரபு. இம்முறை அம்மரபினின்றும் விலகிக் கணினித் திரையைப் பற்றி எழுதத் துணிந்தோம். துணிவுக்குக் காரணம் உண்டு. விழாவை முன்னிட்டுக் கல்லூரிக்கு என்ன செய்யலாம் என்று பழைய மாணவர் பலர் கேட்டு வருகின்றனர். கேட்பவருள் பெரும்பாலோர், புதுக் கணினிகள் வாங்கித் தருகிறோம் என்று தாமே விடையுங் கூறிவிடுகின்றனர். அவர்தம் அன்புக்கு நம் நன்றி உரியது. ஆயினும், கணினி வருமுன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று கேட்கப்படாமலே கிடக்கின்றது. வரும் கணினியின் திரையைத் தன் வேலைக்கேற்ப ஒழுங்குசெய்துகொள்ளும் உரிமை மாணவனுக்கு இருக்குமா? அன்றி, எங்கோ எவரோ ஒழுங்குசெய்து அனுப்பிய திரையின் முன் அவன் கைகட்டி அமர்ந்திருப்பானா? இக்கேள்வியைப் பற்றியதே இக்கட்டுரை.

ஆசிரியப் பயிற்சி பெற்ற நாட்களில், கரும்பலகையைப் பகுத்தெழுதும் முறை நமக்குக் கற்பிக்கப்பட்டது. மேலே திகதியும் பாடத்தலைப்பும்; இடப்புறத்தில் பாடம் முடியும்வரை அழிக்கப்படாத சாரம்; நடுவில் விளக்கம்; வலப்புறத்தில் எழுதி எழுதி அழிப்பதற்கென ஒரு துண்டு இடம். அந்நாளில் இஃது அற்பமான விதியாகத் தோன்றிற்று. வகுப்பறையிற் பல ஆண்டு கழிந்த பின்னரே அதன் பொருள் விளங்கியது. பலகை குழம்பிய நாளில் மாணவன் மனமும் குழம்புகின்றது. பலகை தெளிவாய் இருந்த நாளில், பாடம் கடினமாயினும் அவன் தொடர்ந்து வருகின்றான். அன்றியும், எல்லாப் பாடத்துக்கும் ஒரே பகுப்புப் பொருந்துவதில்லை. இலக்கணத்துக்கு வேண்டிய பகுப்பு வேறு, கட்டுரைக்கு வேண்டியது வேறு. பகுப்பவன் ஆசிரியனாகவே இருத்தல் வேண்டும். பலகை செய்த தச்சன் அதனைத் தீர்மானித்துவிட முடியாது.

கணினியின் திரையும் ஒரு பலகையே. அதில் நாம் திறக்கும் ஒவ்வொரு வேலையும் ஒரு சாளரமாக விரிகின்றது. புள்ளிப் பட்டியல் ஒரு சாளரம், பாடக்குறிப்பு ஒரு சாளரம், கடிதம் ஒன்று, பழைய நூலின் படம் ஒன்று என ஒன்றன்மேல் ஒன்றாக அவை குவியும்போது, தேடுவது எது, கிடைத்தது எது எனத் தெரியாத நிலை உண்டாகின்றது. நம் முன்னோரின் நாற்சார் வீட்டை எண்ணிப் பாருங்கள். விருந்தினர்க்கு விறாந்தை, நெல் காயவைக்க முற்றம், சமையலுக்கு அடுக்களை, சாமிக்கு ஓர் அறை என ஒவ்வொரு தொழிலுக்கும் ஒவ்வோர் இடம் வகுத்தனர். அடுக்களையிலேயே படுத்து, அங்கேயே எழுதி, அங்கேயே விருந்தினரையும் வரவேற்பவனை நாம் காண்பதில்லை. ஆனால் கணினியில் நம்மிற் பலர் அவ்வாறே வாழ்கின்றோம்.

இக்குறையை அறிஞர் நெடுங்காலத்துக்கு முன்னரே உணர்ந்தனர். 1986 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸெரொக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஹெண்டர்சன், கார்ட் என்னும் இருவர், ஒரே திரையைப் பல இடங்களாகப் பகுத்து, வேலைக்கேற்ப ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் முறையொன்றை வெளியிட்டனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'அறைகள்' என்பதே. வீட்டிலிருந்து எடுத்த உவமை நமக்கு மட்டும் உரியதன்று என்பது இதனாற் புலனாகின்றது. இன்று இவ்வறைகளைப் பணியிடங்கள் என்று வழங்குகின்றோம். யூனிக்ஸ், லினக்ஸ் பணிசெயல் முறைமைகளில் 1990களின் தொடக்கத்திலேயே இவ்வசதி பரவிவிட்டது. அப்பிள் நிறுவனம் 2007 இலும், மைக்ரோசொப்ட் நிறுவனம் தன் விண்டோஸ் 10 வாயிலாக 2015 இலும் இதனைத் தம் மேசைத்தளத்தின் உறுப்பாக்கின.

லினக்ஸ் என்பது 1991 இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்ததும், பின்னர் உலகெங்குமுள்ள பல்லாயிரவர் கூடி வளர்த்ததுமான கருவாகும். அதன்மீது அமரும் மேசைத்தளங்கள் பல. அவற்றுட் பெருவழக்கானது, 1997 இல் தொடங்கிய க்னோம் என்பது. உபுண்டு என்னும் வெளியீட்டை நிறுவுவோர் இன்று காண்பதும் அதுவே. இம்மென்பொருள்களின் மூலநிரல் எவரும் படிக்கவும் திருத்தவும் திறந்து கிடக்கின்றது. இவ்வொன்றே நம் வாதத்துக்கு அடிப்படை.

க்னோமின் பணியிட வரலாறு படிப்பினை நிறைந்தது. பழைய க்னோமில் திரையின் ஓரத்திலே சிறு கட்டங்கள் தோன்றும். எத்தனை அறை, எத்தனை வரிசை என்பதைப் பயனரே குறிக்கலாம். 2011 ஏப்பிரலில் மூன்றாம் க்னோம் வந்தபோது அக்கட்டங்கள் மறைந்தன. அறைகள் மேலிருந்து கீழாக ஒரே நிரலில் அடுக்கப்பட்டன. தேவைப்படும்போது புதிய அறை தானே பிறந்து, வெறுமையானதும் தானே மறைந்தது. பத்து ஆண்டுகள் மக்கள் அதற்குப் பழகினர். 2021 மார்ச்சில் நாற்பதாம் க்னோம் வந்தது. கீழ்நோக்கி நின்ற நிரல் இடவலமாகப் படுத்துவிட்டது. மேலே கீழே என்று பழகிய விரல் இடம் வலம் என்று பழகவேண்டியதாயிற்று. வடிவமைத்தோருக்குத் தக்க காரணங்கள் இருந்தன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் பயனர் பலர் வருந்தினர். சொந்த வீட்டின் அடுக்களையை இரவோடிரவாக வேறு பக்கம் மாற்றிவைத்தால், விடியலில் தேநீர் வைக்க எழுந்தவர் தடுமாறாமல் இருப்பாரோ?

மூடிய மென்பொருளாயின் வருத்தத்தோடு கதை முடிந்திருக்கும். இங்கோ அவ்வாறு முடியவில்லை. க்னோமுக்கு நீட்சி என்றொரு வழி உண்டு. நீட்சியாவது, மேசைத்தளத்தின் இயல்பை மாற்றவோ மிகுக்கவோ வெளியார் எழுதிச் சேர்க்கும் சிறு நிரல். அது ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்படுகின்றது. தன்னார்வலர் பார்வையிட்டு ஏற்றபின் பொதுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றது. படுத்த நிரலை மீண்டும் நிமிர்த்தும் நீட்சி வந்தது. 'வேர்க்ஸ்பேஸ் மெட்ரிக்ஸ்' என்னும் நீட்சி, அறைகளைச் சதுரங்கப் பலகைபோல் வரிசையும் நிரலுமாக அமைத்தது. 'டாஷ் டு டாக்' என்பது மறைந்திருந்த செயலிப் பட்டையை எப்போதும் கண்முன் நிறுத்திற்று. உபுண்டு தன் இடப்பக்கப் பட்டையை அதிலிருந்தே ஆக்கிக்கொண்டது. 'ஓட்டோ மூவ் விண்டோஸ்' என்பது, இன்ன செயலி இன்ன அறையிலேயே திறக்கவேண்டும் என்ற கட்டளையை ஏற்று நடக்கின்றது. எழுதியவருட் பலர் கூலி பெறாதவர். தமக்கு வேண்டியதைச் செய்து, பிறர்க்கும் ஆகட்டும் என்று கொடுத்தவர்.

இனி நம் அனுபவத்தைச் சொல்வோம். ஆசிரியர் அறையிலுள்ள பழைய கணினி ஒன்றில் உபுண்டுவை நிறுவியபோது, கண்ட நீட்சியையெல்லாம் சேர்க்கும் ஆசை நம்மைப் பற்றிக்கொண்டது. மூன்று வரிசை, மூன்று நிரல், ஒன்பது அறை. அறைக்கு அறை வேறு படம். சாளரம் மூடும்போது அலைபோல் நெளியும் அசைவு. ஒன்பது அறைகளுள் ஆறு எப்போதும் வெறுமையாகவே கிடந்தன என்பதை அப்போது நாம் கவனிக்கவில்லை. ஒரு தவணைப் பரீட்சைக்கு முந்திய நாள் மாலை, போதிய முன்யோசனையின்றி முறைமையைப் புதுப்பித்தோம். மீண்டும் திறந்தபோது ஒன்பது அறையும் இல்லை. சாளரங்களெல்லாம் ஒரே வரிசையில் நெருங்கி நின்றன. கோப்பு எதுவும் அழியவில்லை; ஆனால் எது எங்கேயென அறியாது ஒரு மாலை முழுவதும் வீணாயிற்று.

மறுநாள் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் வந்து பார்த்தான். நீட்சியின் கோப்புறையைத் திறந்தான். அதனுள் சிறு விவரக் கோப்பு ஒன்று. அதிலே, இந்நீட்சி க்னோமின் இன்னின்ன பதிப்புக்கு ஏற்றது என்று எண்கள் குறிக்கப்பட்டிருந்தன. நாம் புதிதாக நிறுவிய பதிப்பின் எண் அவற்றுள் இல்லை. "அந்த எண்ணையும் சேர்த்துவிட்டால் இயங்காதா?" என்று கேட்டோம். "சேர்க்கலாம், சேர். கதவு திறக்கும். உள்ளே உத்தரம் மாறியிருந்தால் கூரை விழும்," என்றான். நாம் கற்பித்த உவமையணி நமக்கே திரும்பி வந்ததில் மகிழ்ந்தோம்.

மாணவன் சொன்னது முற்றிலும் உண்மை. நீட்சி மேசைத்தளத்தின் உள்ளேயே புகுந்து இயங்குவது. ஆதலின் மேசைத்தளத்தின் உள்ளமைப்பு மாறும்போது நீட்சியும் திருத்தப்படவேண்டும். பிழையுள்ள நீட்சி ஒன்று முழு மேசையையும் முடக்கிவிடவுங் கூடும். க்னோம் ஆண்டுக்கு இரு முறை புதிய பதிப்பை வெளியிடுகின்றது. 2023 செப்தெம்பரில் வந்த நாற்பத்தைந்தாம் பதிப்பில், நிரற்கூறுகளை இணைக்கும் முறையே மாறியதால், பழைய நீட்சிகள் திருத்தப்படாமல் இயங்க வழியில்லாது போயிற்று. எழுதியவர் உயிர்ப்போடு இருந்த நீட்சிகள் சில கிழமைகளிற் சீராயின, கைவிடப்பட்டவை கைவிடப்பட்டவையே.

இதனைக் கேட்டு, அப்படியாயின் இத்தொல்லை நமக்கேன் என்பாரும் உளர். அவரை நம் ஊர் வேலியை நினைக்குமாறு வேண்டுகின்றோம். கிளுவையும் பூவரசும் கதியாலாக நட்டு, கிடுகோ பனையோலையோ வைத்து அடைத்த வேலி ஒரு மாரிக்கு மேல் உறுதியாய் நில்லாது. அடுத்த ஆண்டு மீண்டும் அடைக்கவேண்டும். அதற்காக நம் பாட்டன்மார் வேலியே வேண்டாம் என்றாரில்லை. வேலியடைப்பை ஆண்டுக் கடமைகளுள் ஒன்றாக ஏற்றனர். எத்துணை நீளம் தம்மால் அடைக்க இயலுமோ அத்துணையே வேலி வைத்தனர். நீட்சியும் அத்தகையதே. அடைக்க முடியாத வேலி வைப்பவன் இடர்ப்படுவான். நாம் ஒன்பது அறையும் அலையசைவும் வைத்து இடர்ப்பட்டது அதனாலேயே.

அன்று முதல் ஆசிரியர் அறைக் கணினியில் நான்கு அறைகளே உள்ளன. நான்கு என்னும் தொகையை நிலைப்படுத்த நீட்சியும் வேண்டியதில்லை. க்னோமின் அமைப்புப் பக்கத்திலேயே அதற்கு இடம் உண்டு. முதலறையின் பெயர் 'பாடம்'. அதிற் குறிப்பும் வினாத்தாளும் எழுதுகின்றோம். இரண்டாவது 'ஏடு', நூலகம் என்னும் மின்னூலகம் 2005 முதல் சேர்த்து வைத்துள்ள ஈழத்துப் பழம்பதிப்புகளை அங்கே திறக்கின்றோம். மூன்றாவது 'புள்ளி', நான்காவது 'மடல்'. பெயர்கள் தமிழிலேயே திரையின் மேற்பட்டையில் நிற்கின்றன. பெயரைக் காட்ட ஒரு நீட்சி, செயலியை உரிய அறைக்கு அனுப்ப ஒரு நீட்சி, ஆக இரண்டே இரண்டு. பழம்பதிப்பை ஓரறையில் வைத்து, மற்றோர் அறையில் அதன் பாடத்தைத் தட்டெழுதி, சாவிப்பலகையின் இரு விசைகளால் இங்குமங்கும் செல்லும்போது, ஏட்டையும் தாளையும் அருகருகே விரித்துப் படியெடுத்த பண்டை எழுத்தர்களை நினைத்துக்கொள்கின்றோம்.

மாணவர் அமைத்துக்கொள்ளும் ஒழுங்குகள் இன்னும் சுவையானவை. பார்வை குறைந்த மாணவன் ஒருவன், எழுத்தை மிகப் பெரிதாக்கி, அறைக்கு ஒரு சாளரம் என்று விதி வைத்துக்கொண்டான். பெரிய எழுத்தில் இரு சாளரங்கள் ஒரு திரையில் அடங்கா. அறைகளோ எத்தனையும் அடங்கும். சுட்டி பழுதான கணினியைப் பெற்ற மாணவி ஒருத்தி, எல்லாவற்றையும் சாவிப்பலகையாலேயே நடத்தக் கற்று, இப்போது நல்ல சுட்டி கொடுத்தாலும் வேண்டாம் என்கின்றாள். கணிதம் பயிலும் ஒருவன் ஓரறையில் வினாவும், மறு அறையில் தான் கண்ட விடையும், மூன்றாம் அறையில் புத்தக விடையும் வைத்திருக்கின்றான். தான் செய்து முடிக்கும்வரை மூன்றாம் அறைக்குப் போவதில்லை என்பது அவன் தனக்குத் தானே இட்ட நோன்பு. நாம் கட்டளையிட்டிருந்தால் இம்மூன்றில் ஒன்றும் தோன்றியிராது.

இதற்கு எதிராகக் கூறப்படுவன மூன்று. அவற்றை நேர்மையாக எடுத்து நோக்குவோம்.

முதலாவது, உலகம் விண்டோஸில் இயங்குகின்றது. தொழிலுக்குப் போகும் மாணவன் அதனையே அறியவேண்டும் என்பது. அறியட்டும்; நாம் தடுக்கவில்லை. ஆனால் ஒரு திரையின் ஒழுங்கை உணர்ந்து அமைத்தவனுக்கு மற்றொரு திரை அந்நியமாவதில்லை. இலக்கணம் கற்றவன் பிறமொழியை விரைந்து கற்பதுபோல, ஏன் இவ்வாறு அமைந்தது என்று கேட்கப் பழகியவன் எங்கும் வழி கண்டுகொள்வான். பொத்தான் இருக்கும் இடத்தை மட்டும் மனனம் செய்தவனோ, அடுத்த பதிப்பில் பொத்தான் இடம்பெயர்ந்ததும் நின்றுவிடுவான்.

இரண்டாவது, மாணவர் அழகுபார்த்தே பொழுதைக் கழிப்பர் என்பது. இதில் உண்மை உண்டு. நாமே அவ்வாறு கழித்ததை மேலே ஒப்புக்கொண்டோம். இதற்கென ஒரு சிறு வழக்கத்தை நம் கணினி அறையில் ஏற்படுத்தியுள்ளோம். நீட்சி சேர்க்க விரும்பும் மாணவன், எந்த வேலையின் எந்த இடர்ப்பாட்டை அது நீக்கும் என்று கொப்பியில் ஒரே வாக்கியத்தில் எழுதவேண்டும். வாக்கியம் எழுத இயலாதவன் நீட்சியையும் சேர்ப்பதில்லை. ஆசைகளுட் பாதி வாக்கியமாகுமுன்னரே அடங்கிவிடுகின்றன. தமிழாசிரியர்க்கு இதில் இரட்டை ஊதியம்.

மூன்றாவது, பொதுக் கணினியை ஆளுக்கொரு விதமாக மாற்றினால் கற்பித்தல் எவ்வாறு என்பது. தக்க வினா. லினக்ஸில் ஒவ்வொரு மாணவனுக்கும் தனிக் கணக்கு வழங்கலாம். ஒருவன் வைத்த நீட்சி மற்றொருவன் திரையைத் தொடுவதில்லை. கீழ்வகுப்புகளுக்கு யாவர்க்கும் ஒரே ஒழுங்கு, அதுவும் மிக எளிய ஒழுங்கு, இருத்தலே நன்று. அரிச்சுவடி கற்கும் பிள்ளை எழுத்தின் வடிவை மாற்ற உரிமை கேட்பதில்லை. மேல்வகுப்பிலோ உரிமை படிப்படியாக வழங்கப்படவேண்டும். உரிமையை ஒருபோதும் வழங்காமலிருப்பதற்கு இவ்வினாவைச் சாக்காக்குதல் கூடாது.

நாம் தீவகத்தவர் என்பதால் இவ்வுரிமை நமக்கு ஒருபடி கூடுதலாகத் தேவைப்படுகின்றது. பண்ணைத் தாம்போதி வழியே யாழ்ப்பாணம் செல்லும் வேலணை, ஊர்காவற்றுறை மக்களுக்கே, கெட்ட கணினியைத் திருத்திவருவது ஒரு நாள் வேலை. குறிகட்டுவானில் வள்ளம் ஏறவேண்டிய நயினாதீவாரும், அதற்கப்பால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலிற் செல்லவேண்டிய நெடுந்தீவாரும் படும்பாட்டைச் சொல்லவேண்டியதில்லை. கடல் பொங்கும் நாட்களில் திருத்துநரும் வாரார், கணினியும் போகாது. கடற்றொழிலாளி கிழிந்த வலையைத் தானே பொத்திக்கொள்கின்றான். அவன் மகன் மட்டும் திரையில் ஓரறை சாய்ந்ததற்குக் கடல் கடந்து ஆளனுப்ப வேண்டுமா?

நெடுந்தீவின் கல்வேலிகளைப் பார்த்தவர் இதனை எளிதில் உணர்வர். பவளக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக, சாந்து எதுவும் இன்றி அடுக்கிய வேலிகள் அவை. ஒரு கல் விழுந்தால் வளவுக்காரர் எடுத்து வைக்கின்றார். படலையை மாற்ற விரும்பினால் கற்களைப் பிரித்து வேறிடத்தில் அடுக்குகின்றார். சீமெந்து பூசிய மதில் பார்வைக்கு அழகு; ஆயினும் அதில் ஒரு வாசல் வைக்க மேசனை அழைக்கவேண்டும். திறந்த மென்பொருள் கல்வேலி போன்றது. கல்லை எடுத்துப் பார்க்கலாம், மாற்றி வைக்கலாம், அடுக்கும் முறையைப் பிள்ளைக்குக் காட்டலாம். பிள்ளைக்குக் காட்டலாம் என்பதே ஆசிரியராகிய நம்மை மிகவும் கவர்கின்றது.

தமிழ்பற்றி ஒரு சொல். க்னோம் முதலிய மேசைத்தளங்களைத் தமிழில் இயக்கும் முயற்சி இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே தொடங்கிவிட்டது. தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் உள்ள தன்னார்வலர் பலர் அதற்கு உழைத்துள்ளனர். நம்மவர் பழகிய ரெங்கநாதன் சாவிப்பலகையாலும், 1999 இல் தமிழ்நாட்டில் வகுக்கப்பட்ட தமிழ்99 முறையாலும் லினக்ஸில் எழுதலாம். ஆனால் நீட்சிகளின் நிலை வேறு. அவை தனியாள் முயற்சிகள் ஆதலின், பலவற்றின் அமைப்புப் பக்கங்கள் தமிழைக் கண்டதில்லை. வீடு தமிழில், வேலி ஆங்கிலத்தில் என்பது போன்ற காட்சி. இதனை மாற்றப் பெரும்புலமை வேண்டியதில்லை. மொழிபெயர்ப்புக் கோப்பில் மூலத்தொடர் ஒரு வரியில் இருக்கும். அதன்கீழ்த் தமிழ்த்தொடரை எழுதவேண்டும். சிறிய நீட்சியாயின் ஓரிரு பாடவேளையில் முடிந்துவிடும் வேலை. எழுதி அனுப்பினால், நீட்சியை ஆக்கியவர் அடுத்த பதிப்பில் அதனைச் சேர்த்துக்கொள்வார். நம் மாணவன் எழுதிய ஒரு தொடர் ரொறன்ரோவிலும் கோலாலம்பூரிலும் தமிழ்த்திரையிற் தோன்றும்.

இம்முயற்சியை நம் மரபுக்குப் புறம்பானதென எண்ணவேண்டாம். ஆறுமுக நாவலர் 1849 இல் வண்ணார்பண்ணையில் அச்சியந்திரம் நிறுவியபோது, ஏட்டில் இடைவெளியின்றிக் கிடந்த தமிழை அவ்வாறே அச்சேற்றி விட்டிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. கற்போர்க்கு எளிதாகுமாறு சந்தி பிரித்தார். நிறுத்தக் குறிகளைப் புகுத்தினார். பாடசாலைப் பிள்ளைக்கெனப் பாலபாடம் அமைத்தார். புதுக்கருவி கைக்கு வந்ததும், அதன் பக்கத்தைப் படிப்பவன் தேவைக்கேற்ப ஒழுங்குசெய்தலே அவர் காட்டிய வழி. இந்நாளில் நம் பக்கம் கணினித் திரை. அதனை ஒழுங்குசெய்யும் பணியை நாம் பிறர்கையில் விட்டுவிடுதல் அம்மரபுக்கு அழகன்று.

ஆகவே பழைய மாணவரிடம் நாம் வேண்டுவன இவை. கணினி தருவோர் தருக. ஆனால் புதியதே தரவேண்டுமென்பதில்லை. விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவுற்றதால், விண்டோஸ் 11 ஏற்காத நற்கணினிகள் பல அலுவலகங்களில் ஒதுக்கப்படுகின்றன. அத்தகையன நமக்குப் போதும். நினைவகம் குறைந்தவற்றில் எக்ஸ்எப்சிஇ என்னும் இலேசான மேசைத்தளத்தை இடுவோம். அதில் நீட்சி எதுவும் இன்றியே அறைகளை வரிசைப்படுத்தலாம், பெயரிடலாம். கணினியினும் அரியது உங்கள் நேரம். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் கொழும்பிலும் மென்பொருட்டுறையிற் பணிபுரியும் நம் மாணவர், மாதம் ஒரு மணி நேரம் திரைவழியே நம் மேல்வகுப்போடு அமர்ந்து, ஒரு நீட்சியைப் பிரித்துக் காட்டினாற் போதும். எண்ணைச் சேர்த்தால் கதவு திறக்கும் என்பது வரை நம் மாணவன் தானே கற்றுவிட்டான். உத்தரத்தை மாற்றிக் கூரையை நிறுத்தக் கற்பிப்போர் வேண்டும்.

கல்லூரி நிருவாகத்திடமும் ஒன்று வேண்டுகின்றோம். கணினி அறைப் பொறுப்பைப் பூட்டும் திறப்பும் காக்கும் பொறுப்பாக மட்டும் கருதாது, ஆண்டுக்கு ஒரு முறையேனும் வேலியடைப்பு நாள் ஒன்றை வகுக்குக. அந்நாளில் மாணவரே முறைமையைப் புதுப்பித்து, இயங்காத நீட்சியைக் களைந்து, இயங்குவதைப் பதிவேட்டிற் குறித்து வைப்பர். பரீட்சைக்கு முந்திய மாலை மட்டும் அந்நாளாக இருத்தல் ஆகாது என்பதை நம் பட்டறிவிலிருந்து தெரிவித்துக்கொள்கின்றோம்.

இம்மலரைப் படிக்கும் இன்றைய மாணவர்க்கு இறுதியாக ஒன்று. உங்கள் முன்னுள்ள திரை எவரோ எண்ணிய எண்ணத்தின் வடிவம், மாறாத விதியன்று. உங்கள் வேலைக்கு அது பொருந்துமாயின் அவ்வாறே விடுங்கள், பொருந்தாவிடின் மாற்றுங்கள், மாற்றியதைக் காத்துக்கொள்ளுங்கள், காக்க இயன்ற அளவே மாற்றுங்கள். கற்றதை அடுத்த வாங்கில் இருப்பவனுக்குக் காட்டுங்கள். நம் கல்லூரி இத்தகைய மாணவரால் மென்மேலும் சிறப்பதாக.